பாக்கெட் வைத்த குர்தி தேடி நாலு நாள்

மெட்ராசுக்கு நான் வந்தது ஒரு சீலுக்காக. நர்சிங் சான்றிதழின் பின்பக்கம் அந்த வட்டச் சீல் விழுந்தால்தான் மஸ்கட்டில் என் புது வேலைக்குப் பேப்பர் நகரும். காலையில் கொடுத்துச் சாயங்காலம் வாங்கிவிடலாம் என்று சொன்னவர்களை நம்பி வந்தால், கவுண்டரில் இருந்தவர் என் முகத்தைக்கூடப் பார்க்காமல், வியாழக்கிழமை வாங்கம்மா என்றார். அன்றைக்குத் திங்கட்கிழமை. வேறொரு சமயமாக இருந்தால் சண்டை பிடித்திருப்பேன். அன்றைக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். மெட்ராசில் எனக்கு இன்னொரு வேலையும் இருந்தது. அதை யாரிடமும் சொல்லத்தான் வெட்கமாக இருந்தது.

எனக்கு டிரெஸ் எடுக்கவேண்டும். அவ்வளவுதான்.

நாற்பத்தேழு வயதில் இதில் என்ன வெட்கம் என்று கேட்பீர்கள். நான் நாகர்கோவில்காரி. இருபத்துநாலு வருஷமாக மஸ்கட்டில் ஒரே ஆஸ்பத்திரியில் நர்ஸ். நீலச் சட்டை, நீலப் பேன்ட், சட்டையின் இரண்டு பக்கமும் ஆழமான பாக்கெட். ஒன்றில் பேனாவும் சின்னக் கத்தரிக்கோலும், இன்னொன்றில் பிளாஸ்திரியும் என் மிட்டாயும். காலையில் எழுந்து எதைப் போடலாம் என்று நான் யோசித்ததே கிடையாது. லீவில் ஊருக்கு வரும்போது பெட்டி நிறையத் துணி கொண்டு வருவேன். தம்பி மகள், எதிர்வீட்டுப் பெண், சர்ச்சில் பாடுகிற பிள்ளைகள் என்று எல்லாருடைய அளவும் எனக்குக் கண்ணிலேயே நிற்கும். யாருக்கும் சேராமல் மிச்சப்படுவதை நான் போட்டுக்கொள்வேன்.

இப்போது என்னை வார்டிலிருந்து எடுத்து, புதிதாக வந்து இறங்குகிற நர்சுகளுக்குப் பாடம் எடுக்கச் சொல்கிறார்கள். சம்பளம் கூடுதல், இரவு டியூட்டி இல்லை. ஆனால் யூனிஃபார்மும் இல்லை. நாகரிகமான சாதாரண உடை என்று தாளில் ஒரே வரி போட்டிருந்தார்கள். ஒத்திகைக்காக ஒரு வகுப்பு எடுக்கப் போனேன். தம்பி மகளுக்குச் சேராமல் போன ஒரு சுடிதாரைப் போட்டுக்கொண்டு, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஹாலின் கதவோரம் நின்றேன். உள்ளே போன ஒரு பெண் என் கையில் காலி டீக் கப்பைக் கொடுத்து, அக்கா இதைக் கொண்டுபோய்விடுங்கள் என்று மலையாளத்தில் சொல்லிவிட்டுப் போனாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? வாங்கிக்கொண்டேன். கொண்டுபோய்க் கழுவியும் வைத்தேன். அதற்குப் பிறகுதான் பாடம் எடுக்கப் போனேன். என்னைக் கண்டதும் அந்தப் பெண்ணின் முகம் செத்துப்போனது. அன்றைக்குப் பாடத்தைத் தாளைப் பார்த்து வாசித்து முடித்தேன்.

கப்புக் கழுவுவது ஒன்றும் கேவலம் இல்லை. நோயாளியின் வாந்தியையே கையில் ஏந்தியிருக்கிறேன். ஆனால் அன்று என்னை எனக்கே அடையாளம் தெரியவில்லை. அதுதான் சங்கடம். வேண்டாம், வார்டே போதும் என்று ஒரு கடிதத்தைப் போனில் எழுதி வைத்துவிட்டேன். வியாழக்கிழமைக்குள் பதில் சொல்லவேண்டும். நீ எதைப் போட்டாலும் நல்லாத்தான் இருக்கும் என்றார் என் வீட்டுக்காரர். புருஷன்மார் சொல்கிற இந்த வார்த்தையை வைத்து ஒரு ரூமாலைக்கூடத் தேர்ந்தெடுக்க முடியாது.

தங்கியது பெசன்ட் நகரில், வீட்டுக்காரரின் தங்கை லில்லி வீட்டில். லில்லிக்கு பேங்கில் வேலை. முப்பது வருஷம் மெட்ராசில் குடியிருந்தும் என்னிடம் பேசினால் நாக்கு தன்னால் நாகர்கோவிலுக்குப் போய்விடும். அன்று சாயங்காலம் என்னைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். எனக்குக் கடல் ஒன்றும் புதிதில்லை, மூன்று கடலைப் பார்த்து வளர்ந்தவள். நான் பார்த்தது ஆட்களைத்தான்.

என்ன சொல்ல, கொள்ளாம்! எங்கள் ஊரில் ஒரு பொருள் மனதுக்குப் பிடித்துவிட்டால் இந்த ஒரு வார்த்தைதான். என் வயதுப் பெண்கள் முட்டி வரைக்குமான குர்தியும் கணுக்கால் தெரியும் பேன்ட்டும் போட்டு, காலில் ஷூவோடு விறுவிறு என்று நடக்கிறார்கள். ஒருத்தி சாம்பல் நிறத்தில், ஒருத்தி செங்கல் நிறத்தில். சரிகை இல்லை, கல் இல்லை, மினுக்கு இல்லை. மாதா கோயிலிலிருந்து வந்த ஒரு அம்மாள் சாதாரணக் கைத்தறிப் புடவைக்குக் கோடு போட்ட சட்டை போட்டிருந்தாள், ராணி மாதிரி இருந்தாள். மஸ்கட்டில் எங்கள் ஆட்கள் வெளியே கிளம்பினால் கல்யாணத்துக்குப் போகிற மாதிரி இருப்பார்கள், இல்லாவிட்டால் காய்ச்சலில் எழுந்து வந்த மாதிரி. நடுவில் ஒரு வழி இருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மிளகாய் பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டு, போகிற வருகிறவர்களின் துணியையெல்லாம் முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். லில்லிதான் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

செவ்வாய்க்கிழமை லில்லி பேங்குக்குப் போய்விட்டாள். நான் தனியாகக் கிளம்பினேன். முதலில் அடையாறு காந்தி நகரில் ஒரு கடை. வீட்டையே கடையாக்கி, மாமரத்தடியில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே போகவேண்டும். இந்த ஊர்ப் பிள்ளைகளே ஆரம்பித்த பிராண்டு. பெயரைச் சொல்லமாட்டேன், விளம்பரத்துக்கு எனக்கு யாரும் காசு தரவில்லை. துணியைத் தொட்டேன், கை எடுக்க மனமில்லை. நல்ல பருத்தி, தையல் உள்பக்கமும் வெளிப்பக்கம்போலவே சுத்தம். ஒரு குர்தியை எடுத்து மேலே வைத்துப் பார்த்தபோது கை தன்னால் பக்கவாட்டில் போனது. பாக்கெட்! இரண்டு பக்கமும். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. பிறகு விலைச்சீட்டைப் பார்த்தேன். வந்த தண்ணீர் அப்படியே வற்றிவிட்டது. ஒன்று வாங்கலாம், வாரத்துக்கு அஞ்சு வாங்க நம்மால் ஆகாது. ஆனாலும் அந்தக் கடையைக் குறை சொல்லமாட்டேன். நல்ல துணி எப்படி இருக்கும் என்று என் விரலுக்குப் பாடம் சொல்லித்தந்தது அதுதான்.

அங்கிருந்து தி.நகருக்கு ஆட்டோ. மெட்ரோ ரயிலுக்காக ஊரெல்லாம் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். பச்சைத் தகரத்தைக் கண்ட இடத்திலெல்லாம் ஆட்டோக்காரர் வண்டியைத் திருப்பினார். நேத்து இருந்த ரோடு இன்னிக்கு இல்லக்கா, இன்னா பண்ண சொல்ற என்று என்னிடமே நியாயம் கேட்டார். திரும்பித் திரும்பி மந்தைவெளி வந்து, மயிலாப்பூர் குளத்துப் பக்கம் வந்ததும் வண்டி இருமி நின்றுவிட்டது. கேஸ் தீர்ந்துவிட்டது. அக்கா, நீ போய் சாப்ட்டுக்கினு இரு, நான் கேஸ் போட்டுகினு வந்துடறேன் என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். என் குடை அதற்குள் இருந்தது. போச்சு குடை என்று நினைத்துக்கொண்டேன்.

பக்கத்தில் ஒரு மெஸ். அடை அவியல் சொன்னேன். அவியலில் தயிர் ஊற்றியிருந்தார்கள். எங்கள் ஊரில் அவியலுக்கு இப்படிச் செய்தால் கல்யாணமே நின்றுபோகும். தேங்காய் எண்ணெய் வாசம் இல்லாத அவியல் என்ன அவியல் என்று முகத்தைச் சுளித்துக்கொண்டே ஆரம்பித்து, இலையை வழித்துவிட்டு எழுந்தேன். உள்ளதைச் சொல்லவேண்டுமல்லவா.

எதிர் மேசையில் இரண்டு பெண்கள், பாட்டு வகுப்பு எடுப்பவர்கள்போல. இரண்டு பேரும் அச்சுப்போட்ட பருத்திக் குர்தி. ஒருத்தி சொல்லிக்கொண்டிருந்தாள்: "புதுசா இருக்கச்சே அது கடைத் துணி. நாலு வாட்டி ஆத்துல தோச்சு உலர்த்தினப்பறம்தான் நம்ம துணி ஆறது. அதுக்கப்பறம் பாத்துண்டே இருக்கலாம் போல இருக்கும்." கூச்சத்தை விட்டு எங்கே எடுத்தீர்கள் என்று கேட்டேன். மாட வீதியில் ஒரு கடைக்கு வழி சொன்னார்கள். போனால், மதியச் சாப்பாட்டுக்கு அடைத்து நாலு மணிக்குத் திறப்போம் என்று பலகை. உறங்கட்டும், நல்ல துணி விற்கிறவர்களுக்கு நல்ல உறக்கமும் வேண்டும் என்று திரும்பினேன். திரும்பினால் ஆட்டோ நிற்கிறது. குடையோடு. திரும்பி வருவீர்கள் என்று நினைக்கவேயில்லை என்றேன். காசு வாங்கலியேக்கா, வராம எங்க போவப்போறேன் என்று சிரித்தார்.

தி.நகரைப் பற்றி நான் புதிதாக என்ன சொல்ல? ரங்கநாதன் தெருவில் நாம் நடக்கவேண்டாம், கூட்டமே தூக்கிக்கொண்டு போய் இறக்கிவிடும். மஸ்கட்டில் ஒரு கடையில் நாலு பேர் இருந்தால் நான் நாளைக்கு வரலாம் என்று திரும்புகிறவள். இங்கே மூச்சுமுட்டி எனக்கு வெப்ராளம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. இடித்தவர்கள் நகர்ந்துகொண்டே சாரி சொன்னார்கள், கரும்பு ஜூஸ்காரர் என் மூச்சு வாங்குவதைப் பார்த்து ஸ்டூல் கொடுத்தார். கடைசியில் ஒரு பெரிய கடையில் நுழைந்தேன். இரண்டாம் மாடியில் வரிசை வரிசையாகக் குர்திகள். வெளிநாட்டுக்குத் தைத்து மிஞ்சியவை, கழுத்து லேபிளைப் பாதியில் வெட்டியிருந்தார்கள். எந்த பிராண்டு என்று கண்டுபிடிக்க முடியாது, ஆனால் துணியைத் தொட்டதும் என் விரல் காந்தி நகரை ஞாபகப்படுத்தியது. விலையோ அதில் நாலில் ஒரு பங்கு. ஒரு மணி நேரம் நின்று, ஒவ்வொன்றாகப் பார்த்து, ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறமாக அஞ்சு எடுத்தேன். துவைத்தால் சுருங்கும், ஒரு சைஸ் பெரிதாக எடுக்கவேண்டும் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். நான் எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு சைஸ் பெரிதாக எடுத்தேன். அன்றைக்கு இரவு அந்த வேண்டாம் கடிதத்தைப் போனில் திறந்து பார்க்கக்கூட இல்லை, அவ்வளவு தைரியம்.

புதன்கிழமை காலை அஞ்சையும் பால்கனிக் கொடியில் மாட்டிவைத்து, லில்லியைக் கூப்பிட்டேன். கையில் காப்பியோடு வந்தவள் கொடியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், காப்பியைக் கீழே வைத்தாள்.

"மைனி, நீங்க துணி எடுக்கப் போனியளா, டியூட்டிக்குப் போனியளா?"

அப்போதுதான் நானும் பார்த்தேன். கடையின் வெளிச்சத்தில் ஒன்று மயில் கழுத்து, ஒன்று சாம்பல், ஒன்று நாவல்பழம், ஒன்று கடல் பச்சை, ஒன்று ஆகாயம். காலை வெயிலில் அஞ்சும் நீலம். அச்சு அசலாக வார்டு நீலம். அளவோ, ஒவ்வொன்றிலும் நானும் லில்லியும் சேர்ந்து நுழையலாம். என் கண்ணுக்கு அந்த ஒரு நிறம்தான் பழகியிருக்கிறது. ஆயிரம் துணிக்கு நடுவில் விட்டாலும் என் கை யூனிஃபார்மைத்தான் எடுத்திருக்கிறது. லில்லி சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நானும் சிரித்தேன். பாத்ரூமுக்குள் போய்க் கொஞ்சம் அழவும் செய்தேன். சவத்துக்கு இந்த வேலையே வேண்டாம், கடிதத்தை அனுப்பிவிடலாம் என்று போனைக் கையில் எடுத்தும் விட்டேன். லில்லி கதவைத் தட்டி, கடைப் பில்லில் மாற்றிக்கொள்ளலாம் என்று போட்டிருக்கிறது, பணம்தான் திரும்பாது என்றாள். பணம் திரும்பாது என்று தெரிந்த பிறகு எந்த நாகர்கோவில்காரி சும்மா இருப்பாள்? பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

துணி மாற்றுகிற கவுண்டரில் ஆள் இல்லை, சாப்பாட்டுக்குப் போயிருந்தார்கள். அடுத்த கவுண்டர், புடவைக்குச் சட்டைத் துணி சேர்த்துத் தருகிற மேட்சிங் பிரிவு. அங்கே அரக்குக் கலர் கடைக் கோட்டுப் போட்ட ஒரு பெண் நின்றிருந்தாள். நாற்பது வயது இருக்கும். கோட்டில் அமுதா என்று பெயர் குத்தியிருந்தது. என் பையை அவளே வாங்கி, அஞ்சையும் மேசையில் விரித்தாள். யாருக்குக்கா இது என்று கேட்டாள். எனக்குத்தான் என்றேன். அஞ்சும் உனக்கா என்று இன்னொரு தரம் கேட்டாள். எனக்கு வாய் நிற்கவில்லை. வார்டு, யூனிஃபார்ம், டீக் கப்பு, நாளைக்குள் சொல்லவேண்டிய பதில் எல்லாவற்றையும் ஒரு மூச்சில் கொட்டிவிட்டேன். முன்பின் தெரியாதவளிடம் சொல்வது எவ்வளவு சுகம்.

அவள் ஒரு ஆறுதலும் சொல்லவில்லை. கழுத்திலிருந்த டேப்பை எடுத்து என் தோளிலும் மார்பிலும் வைத்துப் பார்த்தாள். ஊருக்கே அளவு பார்க்கிறவளுக்கு அன்றைக்குத்தான் முதன்முதலாக இன்னொருத்தி அளவு எடுக்கிறாள். கூச்சமாகவும் இருந்தது, நன்றாகவும் இருந்தது. உனக்கு எல் சைஸே தாராளம்கா, யாருக்கோசரம் இத்தினி பெருசா எடுத்த என்றாள். பிறகு மாடிக்குப் போய் ஏழெட்டுக் குர்தியைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி, என் கையைப் பிடித்து வாசலுக்கு நடந்தாள்.

பில் போடாத துணியோடு வாசல் தாண்டினால் காவலாளி விடுவாரா? அவர் வழிவிட்டு ஒதுங்கினார். மேட்சிங் பிரிவு ஆட்களுக்கு மட்டும் அந்தக் கடையில் அந்த உரிமை உண்டு. புடவையையும் சட்டைத் துணியையும் தெருவுக்குக் கொண்டுபோய் வெயிலில் வைத்துப் பார்த்துத்தான் நிறத்தை முடிவு செய்வார்கள். உஸ்மான் ரோட்டுப் பிளாட்பாரத்தில், பஸ்ஸும் ஆட்டோவும் அலறுகிற இடத்தில், அமுதா ஒவ்வொரு குர்தியாக என் கழுத்துக்குக் கீழே வைத்துப் பார்த்தாள்.

"கடை லைட்டு ஏமாத்தும்கா. வெயிலு ஏமாத்தாது. தோ, இந்த நீலம் உன் மூஞ்சிய முழுங்கிடுது. இந்த மஞ்சா வெச்சதும் மூஞ்சி முன்னால வருது பாரு."

ஓரத்தில் நின்ற ஒரு பைக்கின் கண்ணாடியில் பார்த்தேன். கடுகுப்பொடி மஞ்சள். இந்த நிறத்தைத் தம்பி மகளுக்கு எத்தனை தடவை எடுத்திருப்பேன், எனக்கு எடுத்ததில்லை. பக்கத்தில் இரண்டு தெலுங்குப் பெண்கள் நின்று என்னைப் பார்த்து ஏதோ பேசினார்கள். இன்னா சொல்றாங்க என்று அமுதாவிடம் கேட்டேன், எனக்கும் அவள் பாஷை ஒட்டிக்கொண்டுவிட்டது. இந்தக் கலர்ல இன்னொண்ணு உள்ள கீதான்னு கேக்கறாங்க என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அமுதாவின் கணக்கு எளிது. பேன்ட் மூன்று போதும்: கறுப்பு, சந்தனக் கலர், மண் கலர். மேலுக்கு அஞ்சு: கடுகு மஞ்சள், செங்கல், இலைப்பச்சை, சிமென்ட் கலர், சின்னப் பூப்போட்ட வெள்ளை. எந்தப் பேன்ட்டுக்கு எதைப் போட்டாலும் சேரவேண்டும். காலையில் கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டாலும் தப்பான ஜோடி வரக்கூடாது. துணி மேலே அச்சு எழுத்தோ பளபளப்போ வேண்டாம், நாலு துவைப்பில் உரிந்துபோகும். லேபிள் பாதி வெட்டியிருந்தால் பயப்படவேண்டாம், தையலைத் திருப்பிப் பார்த்தால் போதும். பேசிக்கொண்டே ஒவ்வொன்றின் உள்தையலையும் திருப்பிக் காட்டினாள். நர்சிங் காலேஜில் எனக்குப் பாடம் எடுத்தவர்களில் பாதிப்பேர் இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை. ஒரு நீலத்தையாவது வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். முறைத்தாள். வைத்துவிட்டேன்.

ஒன்றே ஒன்றுதான் குறை. எதிலும் பாக்கெட் இல்லை. அதற்கும் அவளே வழி சொன்னாள். கடையை ஒட்டிய சந்தில், பெரிய குடைக்கடியில் மிஷின் போட்டு உட்கார்ந்திருக்கும் பாஷா பாய். எல்லாக் குர்தியும் என் உயரத்துக்கு நாலு விரல் கூடுதல் நீளம். அந்த நாலு விரலை வெட்டி எடுத்தால் அதிலேயே பாக்கெட் வைக்கலாமே என்றேன். பாய் கண்ணாடியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். பொம்பளைங்க குர்தாவுக்குப் பாக்கெட்டா, இன்னாத்துக்கும்மா என்றார். பேனா, கத்தரிக்கோல், பிளாஸ்திரி, மிட்டாய் என்று வரிசையாகச் சொன்னேன். கத்தரிக்கோலின் நீளத்தை மட்டும் விரலால் அளந்து காட்டச் சொன்னார். நாளைக்குக் காலையில் கடை திறக்கிற நேரத்துக்கு வாங்கிக்கொள்ளலாம் என்றார்.

வியாழக்கிழமை எனக்கு உறக்கம் சீக்கிரமே கலைந்துவிட்டது. பதில் சொல்லவேண்டிய நாள். துணி கிடைத்துவிட்டது, சரி. ஆனால் துணிக்குள் நிற்கப்போவது நான்தானே? அந்தக் கடிதம் இன்னும் போனில் அப்படியேதான் இருந்தது. ஒன்பதரைக்கெல்லாம் தி.நகர் போய்விட்டேன். பாஷா பாய் வரவில்லை, கடை ஷட்டரும் இறங்கியிருந்தது. வாசல் படியில் உட்கார்ந்தேன்.

பஸ்ஸிலிருந்து இறங்கி ஒரு பெண் நேராக என்னை நோக்கி வந்தாள். இலைப்பச்சைக் குர்தி, சந்தனக் கலர் பேன்ட், தோளில் மடிப்புக் கலையாத துப்பட்டா, கையில் ஒரு தோல் பை. நடையே சொல்லிற்று, ஏதோ ஆபீசில் பெரிய பொறுப்பில் இருப்பவள் என்று. வழியை மறைத்து உட்கார்ந்திருக்கிறோமே என்று நான் படக்கென்று எழுந்து ஒதுங்கினேன். மேடம், கடை எத்தனை மணிக்குத் திறப்பார்கள் என்று மரியாதையாகக் கேட்டேன்.

அவள் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அமுதா.

முந்தின நாள் இரண்டு மணி நேரம் என் கழுத்துக்குக் கீழே துணி பிடித்தவள். அந்த அரக்குக் கோட்டு இல்லாமல் எனக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. என் கையில் கப்பைக் கொடுத்துவிட்டுப் போன அந்தப் பெண்ணைப் பல நாள் மனசுக்குள் திட்டியிருக்கிறேன். அவள் செய்ததைத்தான் நானும் செய்திருக்கிறேன், கொஞ்சம் திருப்பிப் போட்டு. அதை அமுதாவிடம் சொல்லி மன்னிப்பும் கேட்டேன்.

அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. படியில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். முன்பு சைதாப்பேட்டையில் ஆற்றோரம் வீடாம், கடைக்கு நடந்தே வந்துவிடுவாளாம். அரசாங்கம் அந்த வீடுகளை இடித்து ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்தில் கொண்டுபோய் விட்ட பிறகு, போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி பஸ். கடைக்குள் போனால் கோட்டைத்தானே மாட்டப்போகிறாய், பஸ்ஸுக்கு எதற்கு இவ்வளவு அலங்காரம் என்று நான் கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக்கூடாது.

"உள்ள பூந்தா நான் கடைக்காரிதான். வூட்டுக்குப் போனா சோறு ஆக்கறவ. இந்த பஸ்ல தான்கா யாரும் என்னை ஒண்ணும் கேக்கமாட்டாங்க. அந்த மூணு மணி நேரத்துக்கு நல்லா உடுத்திக்கினு ஜன்னலாண்ட குந்திகினு வருவேன். யார் பாத்தா இன்னா, பாக்காட்டி இன்னா. எனக்கு தெரியும் இல்ல."

சொல்லிவிட்டு எழுந்து, பக்கவாட்டுக் கதவு வழியாக உள்ளே போனாள். ஷட்டர் ஏறியபோது அரக்குக் கோட்டோடு மேட்சிங் கவுண்டரில் நின்றாள். கோட்டுக்குக் கீழே இலைப்பச்சை இரண்டு விரல் தெரிந்தது. நேற்றும் அங்கே ஏதோ ஒரு நிறம் தெரிந்திருக்கும், நான்தான் கவனிக்கவில்லை.

பாஷா பாய் வந்து துணியைத் தந்தார். பாக்கெட்டில் கையை விட்டேன். கை உள்ளே போய், இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது. நேரே அமுதாவின் கடைக்குள் போய், உடை மாற்றுகிற அறையில் கடுகு மஞ்சளைப் போட்டுக்கொண்டு, அவளிடம் காட்டினேன். ஒரு சுற்றுச் சுற்றச் சொன்னாள். தோள் தையலை லேசாக இழுத்துவிட்டாள். போய்ட்டு வாக்கா என்றாள். அவ்வளவுதான்.

சீல் வாங்கப் போன இடத்தில் அதே கவுண்டர், அதே ஆள். இந்தத் தடவையும் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்காவிட்டால் என்ன, எனக்குத் தெரியுமே. வெளியே வந்து ஆட்டோவுக்கு நிற்கும்போது போனில் இருந்த பழைய கடிதத்தை அழித்தேன். வருகிறேன் என்று ஒரு வரி எழுதி அனுப்பினேன்.

பேப்பரெல்லாம் நகர்ந்து முடிந்து வகுப்பு ஆரம்பித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, மஸ்கட்டில் அதுதான் வாரத்தின் முதல் நாள். ஹாலில் நாற்பது பெண்கள், எல்லாரும் புத்தம்புது நீலத்தில். கடுகு மஞ்சளும் மண் கலர் பேன்ட்டுமாகப் போய் முன்னால் நின்றேன். முதல் பத்து நிமிஷம் தாளைப் பார்த்தே பேசினேன். பிறகு வலது கை பாக்கெட்டுக்குள் போய்ப் பேனாவைப் பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு நான் நிறுத்தவேயில்லை.

டீ இடைவேளையில் ஒரு பெண் காலிப் பேப்பர் கப்போடு என்னை நோக்கி வந்தாள். வாங்கக்கூடாது என்றும் நினைத்தேன், நீட்டினால் வாங்கிவிடுவேன் என்றும் தெரிந்தது. அவள் என்னைத் தாண்டிப் போய்க் குப்பைத் தொட்டியில் கப்பைப் போட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். கேட்டால் தப்பாக நினைக்கக்கூடாது மேடம் என்று மலையாளத்தில் இழுத்தாள். தடுப்பூசி பற்றி ஏதோ சந்தேகம் என்று நினைத்து, கேள் மகளே என்றேன்.

அவள் என் பாக்கெட்டைக் காட்டினாள். "இது ஏது பிராண்டு?"

கழுத்துக்குப் பின்னால், பாதி வெட்டிய லேபிள் உறுத்திக்கொண்டிருந்தது.

"அமுதா" என்றேன்.

அவள் உடனே போனை எடுத்துத் தேட ஆரம்பித்தாள். நான் தடுக்கவில்லை.